உண்மை தேடியவர்கள்: வங்கத்திலும் தமிழிலும் துப்பறியும் தொடர்கள்

துப்பறியும் கதை என்றதும் நம்மவரில் கற்றோர் பலர் முகம் சுளிப்பதுண்டு. ரயில் பிரயாணத்தில் பொழுது போக்குவதற்கும், உறக்கம் வராத இரவில் கண்ணை அயர்த்துவதற்கும் ஏற்ற சரக்கு என்பதே அவர்கள் அதற்கு அளிக்கும் ஸ்தானம். தனிக் கதை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் இந்த மதிப்பீட்டில் ஓரளவு நியாயமும் இருக்கலாம். முடிச்சு அவிழ்ந்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறோம். குற்றவாளியின் பெயர் தெரிந்தபின் மறுமுறை படிக்க யாருக்கு மனம் வரும்?

ஆனால் ஒரே துப்பறிவாளரை வைத்து ஓர் ஆசிரியர் இருபது, முப்பது ஆண்டுகள் எழுதிய கதைகளை வரிசைப்படி படித்தால் அனுபவம் வேறு விதமாகிறது. குற்றங்கள் மறந்துபோகின்றன, மனிதர் நிலைத்து நிற்கிறார். அவருக்கு வயது ஏறுகிறது; மணம் நடக்கிறது; வீடு மாறுகிறது; அவர் பேசும் பாஷை மாறுகிறது. அவரைச் சுற்றியுள்ள நகரமும், சட்டமும், அரசும் மாறுகின்றன. இவ்விதம் படிக்கும்போது துப்பறியும் தொடர் ஒரு சமுதாயத்தின் சரித்திரமாகவே ஆகிவிடுகிறது. வங்க நாட்டில் அத்தகைய தொடர்கள் எப்படி வளர்ந்தன, நம் தமிழில் எப்படி வளர்ந்தன, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதால் நமக்கு என்ன பயன் என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இதை நாம் எழுதுவது கொல்கத்தாவின் தென்மேற்கே உள்ள பெஹாலாவிலிருந்து. இந்நகரத்துத் தமிழர் பெரும்பாலும் லேக் மார்க்கெட், ராஷ்பிஹாரி அவென்யூ ஆகிய பகுதிகளைச் சுற்றி வாழ்பவர். டயமண்ட் ஹார்பர் சாலையை ஒட்டிய பெஹாலாவில் உத்தியோக நிமித்தம் வந்து தங்கிய குடும்பங்கள் சில உண்டு. உண்மையைத் தேடுதல் என்ற விஷயத்திற்கு இவ்வூர் பொருத்தமான இடமே. 1698-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் தேதி சுதானுடி, கலிகாதா, கோவிந்தபூர் என்னும் மூன்று கிராமங்களின் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக்கொடுக்கப்பட்டது. அந்தப் பத்திரம் பெஹாலாவைச் சேர்ந்த பரிஷாவில், சாவர்ண ராய் சௌதுரி வம்சத்தாரின் மண்டபத்தில் எழுதப்பட்டது என்பது இவ்வூரார் போற்றும் மரபு. ஜோப் சார்னக் என்ற ஆங்கிலேயரே நகரத்தை நிறுவியவர் என்று பாடப் புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. அவ்வம்சத்தார் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். நிபுணர் குழு ஒன்றின் அறிக்கையைப் பரிசீலித்த கல்கத்தா உயர் நீதிமன்றம், சார்னக்கை நகரத்தின் ஸ்தாபகர் என்று கொள்வதற்கில்லை என 2003-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. முந்நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு விஷயத்தைச் சான்றுகளைக் கொண்டு மறு விசாரணை செய்த ஊர் இது.

சான்றைக் கொண்டு உண்மையை நிலைநாட்டும் கதை நம் தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தை ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். மதுரையில் நடந்தது என்ன? ஒரு சிலம்பு களவு போயிற்று. உண்மையில் திருடியவனே பிறன்மேல் பழியைப் போட்டான். விசாரணை நடக்கவில்லை; தண்டனை மட்டும் நடந்தது. பின்னர் ஒரு பெண் அரசவைக்கு வந்து தடயப் பொருளையே உடைத்துக் காட்டினாள். அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துகள். கண்ணகியின் சிலம்பிலிருந்து தெறித்தது மாணிக்கம். இதைவிடத் தெளிவான சான்றை எந்தத் துப்பறியும் நாவலில் காணமுடியும்? விசாரியாமல் தண்டித்த அரசன் உயிர் விட்டான், நகரம் எரிந்தது. உண்மையைத் தேடத் தவறினால் அரசு அழியும் என்ற பாடத்தை அக்காவியம் நமக்குக் கற்பித்தது. திருக்குறளும் ஒற்றாடலுக்குத் தனி அதிகாரமே வகுத்துள்ளது. எனினும் ஒற்றன் அரசனுடைய ஆள். அரசனைச் சேராமல், பொதுமக்களில் ஒருவராக நின்று உண்மையைத் தேடுபவர் என்ற பாத்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் பிறந்தது.

அமெரிக்க ஆசிரியர் எட்கர் ஆலன் போ 1841-ல் அத்தகைய பாத்திரத்தை முதலில் படைத்தார். 1887-ல் கானன் டாயில் படைத்த ஷெர்லாக் ஹோம்ஸ் அதை உலகெங்கும் பரப்பினார். ஆனால் நம் நாட்டில் கதைக்கு முன்பே காவல் துறை வந்துவிட்டது. 1868-ஆம் ஆண்டு கல்கத்தாவின் ஆம்ஹர்ஸ்ட் தெருவில் ரோஸ் பிரவுன் என்ற பெண் கொலையுண்டு கிடந்தாள். அந்த வழக்கை ஒட்டி நகரத்தில் எழுந்த பரபரப்பின் விளைவாக, அப்போது போலீஸ் கமிஷனராயிருந்த ஸ்டூவர்ட் ஹாக் அதே ஆண்டில் துப்பறியும் இலாகா ஒன்றை ஏற்படுத்தினார். லண்டன் மாநகரப் போலீஸார் தங்கள் குற்றப் புலனாய்வுத் துறையைப் புதிதாக வகுத்தது 1878-ல்தான் என்பதை நினைவில் கொண்டால், கல்கத்தா இவ்விஷயத்தில் எவ்வளவு முந்தியது என்பது விளங்கும்.

அந்த இலாகாவிலிருந்தே வங்காளிக் குற்றக் கதை பிறந்தது. கல்கத்தாப் போலீஸில் பணியாற்றிய பிரியநாத் முகோபாத்யாய் என்பவர், தாம் விசாரித்த வழக்குகளைக் கதையாக எழுதி, 1892 முதல் 'தாரோகார் தப்தர்' என்ற பெயரில் மாதந்தோறும் வெளியிட்டார். தாரோகா என்பது போலீஸ் அதிகாரியைக் குறிக்கும் சொல். எனவே 'தாரோகாவின் அலுவலகக் கட்டு' என்று தலைப்பைத் தமிழாக்கலாம். அடுத்து வந்த பாஞ்ச்கரி தே, மேனாட்டுக் கதைகளின் சாயலில் நீண்ட நாவல்கள் எழுதினார். தீனேந்திர குமார் ராய், ஆங்கில மலிவுப் பதிப்புக் கதைகளில் வரும் துப்பறிவாளரை ராபர்ட் பிளேக் என்ற பெயரில் வங்க மொழிக்குக் கொண்டுவந்தார்.

தமிழ்நாடும் இதில் பின்தங்கியிருக்கவில்லை. பண்டித ச. ம. நடேச சாஸ்திரியார் எழுதிய 'தானவன்' 1894-ல் வெளியாயிற்று. தமிழில் முதல் துப்பறியும் நாவல் என அதையே இலக்கிய சரித்திரக்காரர் குறிப்பிடுவர். சாஸ்திரியார் பல மொழி அறிந்தவர். தொல்பொருள் துறையில் உத்தியோகம் பார்த்தவர். நாடோடிக் கதைகளைத் திரட்டியவர். அரசாங்க அலுவலில் இருந்துகொண்டே மொழிபெயர்ப்புத் தொண்டும் புரிந்த அவரை எண்ணும்போது, அதே துறையில் உழலும் நமக்குச் சற்றுப் பெருமிதம் உண்டாகிறது. அவருக்குப் பின் ஆரணி குப்புசாமி முதலியார் ஹோம்ஸின் சாயலில் ஆனந்தஸிங்கை உலவவிட்டார். ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன், 'ராஜாம்பாள்' முதலிய நாவல்களின் வழியே வீட்டுக்கு வீடு அறிமுகமானார். வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் துறவிக் கோலம் பூண்ட திகம்பர சாமியாரைப் படைத்தார். அந்தச் சாமியார் 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் படமாகத் திரைக்கு வந்தபோது எம். என். நம்பியார் பல வேஷங்களில் தோன்றி நடித்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம்.

ஆக, ஏறக்குறைய 1930 வரை இரு மொழிகளின் சரித்திரமும் ஒரே பாதையில் சென்றிருக்கிறது. இரண்டிலும் மேனாட்டுத் தழுவல் மிகுதி. இரண்டிலும் துப்பறிவாளர் ஒரு வேஷதாரி. எங்கும் நுழைவார், எல்லாம் அறிவார். ஆனால் அவருக்கென்று ஒரு வாழ்க்கை இல்லை. முதற் கதையில் எப்படி இருந்தாரோ கடைசிக் கதையிலும் அப்படியே இருப்பார். இவ்வகைப் பாத்திரத்தை வியக்கலாமே தவிர, அதனோடு உறவு கொண்டாட முடியாது.

பாதை பிரிந்தது 1932-ல். அவ்வாண்டில் சரதிந்து பந்த்யோபாத்யாய் பியோம்கேஷ் பக்ஷியைப் படைத்தார். சரதிந்து 1899-ல் ஜௌன்பூரில் பிறந்தவர். பீஹாரைச் சேர்ந்த முங்கேரில் வளர்ந்தவர். கல்கத்தாவில் வித்யாசாகர் கல்லூரியில் படித்தவர். பின்னர் 1938-ல் பம்பாய்க்குச் சென்று சினிமாக் கதைகள் எழுதினார். 1952-ல் புனாவில் குடியேறி அங்கேயே எழுதிவந்தார். அதாவது, வங்காளிகள் தம் வீட்டுப் பிள்ளையாகப் பாராட்டும் இத்துப்பறிவாளரைப் படைத்தவர், தம் ஆயுளில் பெரும்பகுதியை வங்கத்துக்கு வெளியே கழித்த பிரவாசி. ஊரை விட்டுப் பிரிந்து வாழும் நமக்கு இது சிந்திக்கத்தக்க விஷயம். தூரத்தில் இருப்பவனுக்கே ஊரின் சந்துபொந்துகள் துல்லியமாக நினைவில் நிற்கின்றன போலும்.

பியோம்கேஷ் தம்மைத் 'துப்பறிவாளர்' என்று அழைப்பதை விரும்பாதவர். அவர் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர் 'சத்யான்வேஷி'. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'உண்மை தேடுவோன்' என்றால் பொருள் வருகிறது. ஆயினும் மூலத்தில் உள்ள கம்பீரம் குறைகிறது. 'மெய் காண்போன்' என்றால் சைவ சித்தாந்த வாசனை வந்துவிடுகிறது. சொல் எதுவாயினும் கருத்து முக்கியம். தாரோகா அரசாங்கத்தின் ஆள். அதுவும் அன்றைக்கு அந்நிய அரசாங்கத்தின் ஆள். வேஷம் போட்டு வேவு பார்ப்பவன் என்றால், சுதந்திரப் போராட்ட காலத்து வங்காளிக்கு நினைவு வருவது தேசத் தொண்டரைப் பின்தொடரும் ரகசியப் போலீஸே. அந்தச் சூழ்நிலையில் ஒரு வங்க இளைஞன் வேட்டியும் ஜிப்பாவும் அணிந்து, 'யாருடைய உத்தரவுக்காகவும் வேலை செய்பவன் அல்லேன். எனக்கு வேண்டியது உண்மை' என்ற பாவனையில் வந்து நின்றால், வாசகர் அவனை ஏன் நேசிக்கமாட்டார்கள்?

பியோம்கேஷின் வளர்ச்சியைப் படிப்படியாகக் காணலாம். தொடக்கத்தில் அவர் ஹாரிசன் சாலையில், இன்றைய மகாத்மா காந்தி சாலையில், நண்பர் அஜித்துடனும் வேலையாள் புண்டிராமுடனும் வாழும் பிரமசாரி. 1933-ல் வெளிவந்த 'அர்த்தமனர்த்தம்' என்ற கதையில் அவர் சத்யவதியைச் சந்திக்கிறார். அவளுடைய தமையன்மேல் கொலைக் குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது. வழக்கும் தீர்கிறது, காதலும் மலர்கிறது. சத்யவதி என்ற பெயரிலேயே சத்தியம் இருப்பதை நாம் கவனிக்கவேண்டும்; உண்மையைத் தேடியவருக்கு உண்மையே இல்லாளாக வாய்த்தாள்.

அதன்பின் 1936 அளவில் சரதிந்து பியோம்கேஷை நிறுத்திவிட்டார். மணமான துப்பறிவாளருக்கு இனி வாசகரிடம் மதிப்பிராது என்று அவர் எண்ணினார். சுமார் பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. இதற்குள் யுத்தம் வந்தது. 1943-ன் கொடும் பஞ்சம் வந்தது. 1946-ன் கலவரம் வந்தது. நாடு விடுதலை பெற்றது. வங்கம் இரண்டாகப் பிரிந்தது. கல்கத்தாவுக்கு வந்திருந்த ஆசிரியரை நண்பர் வீட்டு இளைஞர்கள், 'பியோம்கேஷ் ஏன் வருவதில்லை?' என்று கேட்டார்கள். 1951-ல் 'சித்ரசோர்' என்ற கதையோடு அவர் திரும்பி வந்தார். எப்படி வந்தார் தெரியுமா? நோயிலிருந்து தேறிவரும் குடும்பஸ்தராக, மனைவியின் கண்டிப்புக்கு உட்பட்டு, சந்தால் பர்கனாவில் உடல் நலம் தேடும் மனிதராக வந்தார். வாசகர் அவரை முன்னிலும் அதிகமாக விரும்பினர். குடும்பம் துப்பறிவாளரைக் குறைத்துவிடவில்லை, நிறைவாக்கியது.

அடுத்துவந்த கதைகளில் நாட்டின் சரித்திரமும் கூடவே நடக்கிறது. 1955-ல் வெளிவந்த 'ஆதிம் ரிபு' கலவர காலத்துக் கல்கத்தாவில் தொடங்கிச் சுதந்திர தினத்தை நோக்கிச் செல்கிறது. பியோம்கேஷின் பெற்றோரைப் பற்றி, அதாவது கணித ஆசிரியரான தந்தையைப் பற்றியும் வைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்த தாயைப் பற்றியும், அவரைப் படைத்துப் பல்லாண்டு கழிந்த பின்னரே ஆசிரியர் நமக்குச் சொல்கிறார். நெருங்கிப் பழகிய நண்பரும் பல வருஷங்களுக்குப் பின்புதானே தம் பெற்றோரைப் பற்றி மனம் திறக்கிறார்? ஆசிரியருக்கே அவர் மெல்ல மெல்லத்தான் அறிமுகமாகியிருக்கவேண்டும். பிற்காலத்தில் பியோம்கேஷ் தென் கல்கத்தாவில் கேயாதலா பகுதியில் சொந்த வீடு கட்டிக்கொள்கிறார். 1967-ல் வெளிவந்த 'ஷஜாருர் காண்டா', முள்ளம்பன்றி முள்ளால் நிகழும் கொலைகளைப் பற்றியது. அதில் முக்கியமான சம்பவம் ஒன்று ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் நிகழ்கிறது. லேக் மார்க்கெட்டில் வாழும் தமிழ் அன்பர்கள் மாலையில் உலாவச் செல்லும் அதே ஏரிக்கரைதான்.

மொழிபெயர்ப்பாளர் கண்ணில் படும் இன்னொரு மாற்றமும் உண்டு. வங்க மொழியில் 'சாது பாஷை' என்ற ஏட்டு நடையும், 'சலித் பாஷை' என்ற பேச்சை ஒட்டிய நடையும் உள்ளன. பெரும்பாலான பியோம்கேஷ் கதைகளை அஜித் சாது பாஷையில் சொல்கிறார். காலம் மாறியது, பத்திரிகைகளும் நாவல்களும் சலித் பாஷைக்கு மாறின. 1960-களில் எழுதிய சில கதைகளில் சரதிந்து அஜித்தைக் கதை சொல்லும் பொறுப்பிலிருந்தே விடுவித்துவிட்டுத் தாமே சலித் நடையில் கதை சொன்னார். செந்தமிழா, பேச்சுத் தமிழா என்று நம்மவர் மேடைகளில் வாதாடிய பிரச்சினையை, வங்கத்தில் ஒரு துப்பறியும் தொடரே தன் உடலில் தாங்கி நிற்கிறது. 1970-ல் சரதிந்து காலமானபோது முழுமையான கதைகள் முப்பத்திரண்டும், முடிவுறாத கதை ஒன்றும் எஞ்சின.

இனி ஃபெலுதாவுக்கு வருவோம். சத்யஜித் ராயின் பாட்டனார் உபேந்திரகிஷோர் 1913-ல் தொடங்கிய சிறுவர் பத்திரிகை 'சந்தேஷ்'. நின்றுபோயிருந்த அதை 1961-ல் ராய் மீண்டும் உயிர்ப்பித்தார். அதில் 1965-ல் பிரதோஷ் சந்திர மித்ர் என்னும் ஃபெலுதா தோன்றினார். 'தா' என்பது 'தாதா' என்பதன் சுருக்கம். அண்ணன் என்று பொருள். கதை சொல்பவன் அவருடைய தம்பி முறையாகும் தோப்ஷே. 1971-ல் எழுதிய 'சோனார் கேல்லா'வில் ஜடாயு என்ற புனைபெயருடைய லால்மோகன் கங்குலி வந்து சேர்ந்தார். அவர் விறுவிறுப்பான மர்ம நாவல்களை எழுதிக் குவிப்பவர். அவற்றில் பிழைகளும் குவிந்திருக்கும். மர்மக் கதை ஆசிரியரையே மர்மக் கதைக்குள் நகைச்சுவைப் பாத்திரமாக வைத்தது ராயின் சாமர்த்தியம். ஃபெலுதா அந்தப் பிழைகளைத் திருத்துகிறார். வாசிக்கும் சிறுவனும் பூகோளமும் விஞ்ஞானமும் அறியாமலே கற்றுக்கொள்கிறான்.

சிறுவருக்காக எழுதப்பட்டவை ஆகையால் பியோம்கேஷ் கதைகளில் உள்ள குடும்ப விகாரங்களும் காமக் குரோதங்களும் இவற்றில் இல்லை. ஃபெலுதாவுக்கு வயதும் அவ்வளவாக ஏறுவதில்லை. வளர்பவன் தோப்ஷே. அண்ணனை வாய் பிளந்து பார்த்த சிறுவன், அண்ணனோடு சேர்ந்து யோசிக்கும் இளைஞனாகிறான். தமிழர் விரும்பிப் படிக்கவேண்டிய கதை ஒன்றும் இத்தொடரில் உண்டு. 1990-ல் வெளிவந்த 'நயன் ரஹஸ்ய'த்தில் மூவரும் சென்னைக்கு வருகிறார்கள், மாமல்லபுரம் பார்க்கிறார்கள். அந்தக் கதையின் தொடக்கம் மிகவும் ருசிகரமானது. சமீபத்துக் கதைகள் முன்போல் இல்லை என்று வாசகர்கள் கடிதம் எழுதிவிட்டார்களாம். அதனால் ஃபெலுதா மனம் சோர்ந்திருக்கிறார்! குற்றவாளிகளை நடுங்கவைக்கும் துப்பறிவாளரையும் தீர்ப்புக்கு உட்படுத்தும் உரிமை வாசகனுக்கு உண்டு என்பதை ராய் அன்போடு ஒப்புக்கொண்ட இடம் அது.

தமிழில் நிகழ்ந்ததைப் பார்ப்போம். 1942-ல் ஆனந்த விகடனில் தேவன் தொடங்கிய 'துப்பறியும் சாம்பு' இந்தியத் துப்பறியும் இலக்கியத்திலேயே தனிப் பிறவி. பியோம்கேஷுக்கு அறிவு, ஃபெலுதாவுக்கு அறிவும் உடல் வலியும். சாம்புவுக்கோ இரண்டும் இல்லை. அதிர்ஷ்டம் ஒன்றே துணை. பெரிய மூக்கும் வழுக்கைத் தலையுமாய், பாங்கியில் குமாஸ்தாவாகத் திட்டு வாங்கிய நாற்பது வயது மனிதர், தாம் செய்த தவறே துப்பாக முடிந்து புகழ் பெறுகிறார். வேம்புவை மணக்கிறார்; பிள்ளைக்குத் தந்தையாகிறார். ஐம்பது கதைகளில் ஒரு முழு வாழ்க்கை வளர்ந்துவிடுகிறது. அன்னியத் துரைத்தனத்தின் கீழ் பாங்கிகளிலும் ஆபீஸ்களிலும் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான குமாஸ்தாக்களுக்கு, 'அசடு என்று உலகம் சொல்பவனுக்கும் ஒரு நாள் வரும்' என்ற ஆறுதலைத் தேவன் அளித்தார். நகைச்சுவையின் அடியில் கிடக்கும் இந்தக் கருணையே சாம்புவை வாழவைக்கிறது.

தேவன் 1957-ல் மறைந்தார். அக்காலத்தை ஒட்டிச் செல்வாக்குப் பெற்றவர் தமிழ்வாணனின் சங்கர்லால். தேநீர்ப் பிரியரான அவர் தூய தமிழில் பேசுவார். உலகத்து நகரங்களில் எல்லாம் துப்பறிவார். கடல் கடந்து செல்ல வசதியற்ற வாசகனுக்கு அவர் உலகத்தைக் காட்டினார். 1968-ல் சுஜாதாவின் 'நைலான் கயிறு' குமுதத்தில் வந்தபோது வக்கீல் கணேஷ் அறிமுகமானார். பின்னர் அவருக்கு வஸந்த் என்ற குறும்புக்கார ஜூனியர் வாய்த்தான். ஆசிரியரான ரங்கராஜனோ டில்லியிலும் பெங்களூரிலும் உத்தியோகம் பார்த்தவர். ஊருக்கு வெளியே இருந்து எழுதிய அவருடைய கணேஷும் வஸந்தும் சென்னைத் தம்புச் செட்டித் தெருவில் நிலைபெற்றார்கள். சரதிந்துவுக்கும் சுஜாதாவுக்கும் உள்ள ஒற்றுமை இது. பின்னர் ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா, சுபாவின் நரேந்திரன் - வைஜயந்தி ஆகியோர் மாத நாவல்களின் வழியே பஸ் நிலையக் கடைகள் தோறும் தொங்கினார்கள். தமிழ்ப் படிப்பை விட்டுவிட இருந்த எத்தனையோ பேரை அந்த மலிவுப் புத்தகங்கள் விடாமல் பிடித்துவைத்தன.

வளத்தில் தமிழ் வங்கத்துக்குச் சளைத்ததன்று. வித்தியாசம் எங்கே இருக்கிறது? காப்பாற்றுவதில் இருக்கிறது. பியோம்கேஷ் கதைகள் அனைத்தும் ஒரே கெட்டித் தொகுப்பாகக் கிடைக்கின்றன, ஃபெலுதா கதைகளும் முழுத் தொகுப்பாகக் கிடைக்கின்றன. பெஹாலாவில் நம் அண்டை வீடுகள் பலவற்றில் ரவீந்திரரின் நூல்களுக்கு அருகிலேயே அத்தொகுப்புகள் நிற்பதைக் கண்டிருக்கிறோம். பாட்டனார் படித்த பிரதியைப் பேரன் எடுத்துப் படிக்கிறான். எந்தக் கதை சிறந்தது என்று மூன்று தலைமுறையும் சாப்பாட்டு வேளையில் வாதாடுகிறது. வரிசைப்படி படிக்க முடிவதால்தான் துப்பறிவாளரின் வளர்ச்சி அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது. நம் வீடுகளிலோ மாத நாவலைப் படித்து முடித்ததும் பழைய பேப்பர்க் கடைக்குப் போட்டுவிட்டோம். சாம்புவும் சங்கர்லாலும் கணேஷும் மறுபதிப்புகளாகக் கிடைப்பது நற்பேறு. ஆனால் ஆனந்தஸிங்கையும் கோவிந்தனையும் வரிசையாகப் படிக்க விரும்புகிறவர் எங்கே போவார்? காரைக்குடிக்கு அருகில் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் சேர்த்துவைத்த அரிய நூல்கள் இன்று சென்னையில் அவர் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவரைப் போன்றவர் இல்லையெனில், வெகுஜன நூல் என்று நாம் இகழ்ந்தவற்றில் எத்தனையோ தடயமின்றி மறைந்திருக்கும்.

இது வெளிமாநிலத் தமிழருக்கு இன்னும் நெருக்கமான விஷயம். இங்கு வளரும் நம் குழந்தைகள் பள்ளித் தோழர்களிடமிருந்து ஃபெலுதாவை வாங்கி வந்து படிக்கிறார்கள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. வாழும் நாட்டின் மொழியைக் கற்க அதைவிட இனிய வழி கிடையாது. ஆனால், 'அப்பா, நம்ம பாஷையில இந்த மாதிரி யாராவது உண்டா?' என்று அவர்கள் கேட்கும்போது நாம் என்ன பதில் சொல்கிறோம்? திருக்குறளையும் கம்பனையும் காட்டுகிறோம். அவை போற்றத்தக்கவையே. எனினும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை அடுத்த பக்கத்தைத் தானே புரட்டவேண்டுமானால், அங்கே என்ன நடக்கப்போகிறது என்ற ஆவல் வேண்டும். அந்த ஆவலை ஊட்ட மற்றெதையும்விட சாம்பு தகுந்தவர். தாய்மொழி, பிள்ளைகளுக்கு வீட்டில் பேசும் மொழியாக மட்டும் நின்றுபோவதும், படிக்கும் மொழியாக ஆவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிர்ணயமாகிறது.

செய்யக்கூடியவை சில உண்டு. 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, நாட்டில் எங்கு பிரசுரமாகும் நூலாயினும் ஒரு பிரதி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு அனுப்பப்படவேண்டும். அலிப்பூரில் பெல்வெடியர் மாளிகைத் தோட்டத்தில் அமைந்துள்ள அந்நூலகத்தில் தமிழ்ப் பிரிவும் உண்டு. பெஹாலாவிலிருந்து அது அதிக தூரமுமில்லை. இந்நகரத்துத் தமிழர் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். தமிழ்ச் சங்கங்கள் தம் நூல் நிலையங்களில் ஒவ்வொரு துப்பறியும் தொடரையும் முதற் கதையிலிருந்து வரிசையாக வைக்க முயலலாம். இரு மொழியும் அறிந்த இளைஞர் சாம்புவை வங்க மொழிக்குக் கொண்டுசெல்லலாம். ஃபெலுதா கதைகள் சில தமிழுக்கு வந்துவிட்டன. நாம் கொடுக்கவேண்டியதும் உண்டல்லவா?

உண்மை தேடுவோரின் கதையை ஒரு சமூகம் விரும்பிப் படிக்கிறது என்றால், விசாரியாமல் தண்டிக்கும் வழக்கத்தை அது வெறுக்கிறது என்றே பொருள். தாரோகாவின் அதிகாரத்திலிருந்து பியோம்கேஷின் மனச்சாட்சிக்கும், வேஷதாரியின் மாயாஜாலத்திலிருந்து சாம்புவின் கள்ளங்கபடமற்ற மனத்துக்கும் கதை வளர்ந்து வந்த வழி, வாசகரும் வளர்ந்து வந்த வழியே ஆகும். அந்த வழியின் அடிச்சுவடுகள் மலிவுக் காகிதத்தில் பதிந்திருக்கின்றன. காகிதம் பொடிந்துபோகுமுன் அவற்றைத் திரட்டிப் பத்திரப்படுத்துவதும், பிள்ளைகள் கையில் கொடுப்பதும் நம் தலைமுறையின் கடமை.